கண்ணாடி கழற்றிய கடிகாரம்

ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் இங்கேயே இருந்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று ஹேமாவதி நர்ஸம்மா சொல்லிவிட்டார், தடிப்பு ஏதாவது வருகிறதா, மூச்சு இழுக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம், சரி என்று சுகாதார நிலையத்து வராந்தாவில் இந்த நீல நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். உட்காருவதில் எனக்கு என்ன நோவு, வேறு புதன்கிழமையாக இருந்தால் இந்த அரை மணியில் நாலு பேரோடு பேசி ஆறு பேரைச் சிரிக்க வைத்திருப்பேன், எங்கள் தெருச் சபீனாகூட உள்ளே வரும்போதே கேட்டாள், "இன்னா ரேகா, ஊசி உனுக்கா கொயந்தைக்கா, மூஞ்ச இப்டி வச்சிகினு கீறே?" என்று. எனக்குத்தான். காலையில் ஒன்பதே காலுக்குப் போன் வழியாகக் குத்திவிட்டார் ஒரு பெரியவர், அது இன்னும் உள்ளேயே நிற்கிறது. ஆதிரை அழுது ஓய்ந்து என் தோளில் எச்சில் ஒழுக்கிக்கொண்டிருக்கிறாள், ஒன்பது மாசம், வலது கையில் ஊசி, வாயில் ஒரு சின்னக் கரண்டி ஆரஞ்சு வாசனை மருந்து, அந்த மருந்தைக் கொடுக்க நர்ஸம்மா அவள் வாயைத் திறந்தபோது கீழே முளைத்திருக்கிற இரண்டு பல்லையும் பார்த்து "அடடே, அரிசி முளைச்சிடுச்சே" என்று சிரித்தார், நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அந்த வாய்க்குள் இன்னும் ஆழமாக எட்டிப் பார்த்தேன், ஏதாவது தெரிகிறதா என்று, என்ன தெரியும், ஞாயிற்றுக்கிழமை போனது புதன்கிழமை வாயிலேயே நிற்குமா, பைத்தியக்காரி. அப்போதே சொல்லியிருக்கலாம். அறைக்குள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரியும், குணாளன் பெண்டாட்டி பிள்ளைக்கு விஷத்தை ஊட்டிவிட்டாள் என்று. என் வாய் எப்போது மூட வேண்டுமோ அப்போது மூடாது, இன்றைக்குப் பார்த்து ஒட்டிக்கொண்டது.

அந்தப் பெரியவர் கோயம்புத்தூர்க்காரர், ரங்கராஜுலு சார், மில்லில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், என் வீட்டுக்காரரைப் போலவே பழைய பட்டாளத்து வாட்ச் சேர்க்கிறவர். இவர்களுக்கு என்று போனில் ஒரு குழு இருக்கிறது, நூற்றுச் சொச்சம் ஆம்பளைகள், விடிந்தால் எழுந்தால் வாட்ச்சின் முதுகைப் படம் எடுத்து ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிக்கொள்வார்கள். முதுகு என்றால் பின்மூடி, அதில் அம்புக்குறி வெட்டியிருந்தால் அது சர்க்கார் பட்டாளத்துக்குக் கொடுத்தது, நம்பர் இருந்தால் இன்னும் விசேஷம். பார்சல் எல்லாம் என் பெயருக்குத்தான் வரும், நான்தானே பகலில் வீட்டில் இருக்கிறேன், அதனால் சாரிடம் என் நம்பரும் உண்டு, இவர் போனை எடுக்காவிட்டால் எனக்குத்தான் போடுவார். இன்றைக்கும் அப்படித்தான் என்று நினைத்து, "இன்னா சார், பார்சல் அனுப்பிட்டீங்களா, டீ குடிச்சாச்சா?" என்று ஆரம்பித்தேன். அவர் சிரிக்கவில்லை. "அம்மிணி, ஞாயித்துக்கெழம உங்க வீட்டுக்காரர் குழந்தை போட்டோ ஒண்ணு போட்டிருந்தாருங்களே, கையில வாட்ச் வச்சு வாயில கடிக்கிற மாதிரி, ஊருக்குப் போயிருந்தனுங்க, இப்பத்தான் பார்த்தேன். அந்த வாட்சுக்குக் கண்ணாடி இருந்துச்சுங்களா, இல்லீங்களா?" என்றார். எந்தக் கண்ணாடி என்று கேட்டேன். அதற்கப்புறம் அவர் நிறுத்தி நிறுத்தி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். அந்தக் காலத்துப் பட்டாளத்து வாட்ச்சில் இருட்டில் நம்பர் தெரிய வேண்டும் என்று பூசியிருக்கிறார்களே பழுப்பு நிறத்தில், அது ரேடியம் கலந்த பூச்சு. மூடிக் கிடக்கும் வரைக்கும் பெரிய பயமில்லை. கண்ணாடியைக் கழற்றினால், பூச்சு உதிர்ந்தால், அந்தத் தூள் மூக்குக்குள்ளும் வாய்க்குள்ளும் போகவே கூடாது. போனால் முக்கால்வாசி வெளிக்குப் போகிற வழியில் போய்விடும், மிச்சத்தை எலும்பு சுண்ணாம்பு என்று நினைத்து வாங்கி வைத்துக்கொள்ளும். எலும்பு. ஒன்பது மாசத்து எலும்பு. தினமும் நல்லெண்ணெய் தேய்த்து நீவி விடுகிறேனே, அந்த எலும்பு.

எனக்கு அதுகூட இல்லை கோபம். விஷம் எங்கே இல்லை, எறும்பு மருந்தும் பினாயிலும் எல்லார் வீட்டிலும்தான் இருக்கிறது, மேலே தூக்கி வைத்துக்கொள்கிறோம், தெரிந்தால் வைத்துக்கொள்கிறோம். கடைசியில் சார் ஒன்று சொன்னாரே, "நான் ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே குணாளங்கிட்டச் சொல்லியிருக்கனுங்க அம்மிணி, அவரு உங்ககிட்டச் சொல்லலீங்களா?" கோபம் அங்கேதான். இரண்டு வருஷம். எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். இந்த இரண்டு வருஷத்தில் இவர் எனக்கு வாட்ச்சைப் பற்றி என்ன என்ன சொல்லியிருக்கிறார் என்று கணக்கெடுத்தால் ஒரு நோட்டு போதாது. டயலில் விரல் வைக்காதே, ரேகை பதியும். தண்ணீர்த் துணியால் துடைக்காதே. சமையலறைப் பக்கம் கொண்டு போகாதே, ஆவி அடிக்கும். வெயிலில் காட்டாதே, நிறம் போகும். வீட்டிலேயே ஈரமில்லாத இடம் எது என்று தேடி, நாங்கள் படுக்கிற அறையில், ஆதிரைக்கு ஏணை கட்டியிருக்கிற கொக்கிக்கு நேர் பக்கத்து அலமாரியில் இருபத்து மூன்று வாட்ச்சையும் ஊதா வெல்வெட்டுத் தட்டில் வரிசையாக வைத்தார். ஐப்பசி மழையில் துணி காயாமல் அந்த அறையில் கொடி கட்டி இவள் ஈரத் துணிகளைப் போட்டேன், "இன்னா ரேகா, ஈரம் ஏறினா மிஷின் துரு புடிச்சிரும்னு தெரியாதா உனுக்கு?" என்று அவரே கொடியை அவிழ்த்தார். பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றிச் சாம்பிராணி போட்டால் புகை படியும் என்று என்னைப் பின்கட்டுக்கு விரட்டினார், பச்சை உடம்போடு வாடைக்காற்றில் நின்று நான் பிள்ளைக்குப் புகை காட்டினேன். எல்லாம் செய்தேனே, ஒன்றுக்காவது எதிர்த்துப் பேசினேனா? புகை வாட்ச்சுக்கு ஆகாது, ஈரம் வாட்ச்சுக்கு ஆகாது, என் விரல் வாட்ச்சுக்கு ஆகாது, வாட்ச் யாருக்கு ஆகாது என்று மட்டும் சொல்ல மனசு வரவில்லையே இந்த மனுஷனுக்கு.

ஆதிரை நெளிகிறாள். ஊசி போட்ட இடம் சுடுகிறது போல, இல்லை, என் கைதான் சுடுகிறதோ. எதிர் நாற்காலியில் சபீனா பையனுக்குப் பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்து ஊட்டிக்கொண்டே என்னை ஓரக்கண்ணால் பார்க்கிறாள். இவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எனக்குச் சுலபம், அம்மா வீட்டுக்கு மூட்டை கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பேன். ஊரில் வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்தில் இருக்கிறார்கள், இவரும் மூன்று தடவை ஆள் எடுக்கிற இடத்துக்குப் போனார், ஓடினார், குதித்தார், மார்பு அளவில் ஒரு சென்டிமீட்டர் குறைந்தது, மூன்று தடவையும் அதே ஒரு சென்டிமீட்டர். பெண் பார்க்க வந்தபோது அதையும் அவரே என்னிடம் சொன்னார், அதனால்தான் எனக்குப் பிடித்தது, வேறு யாராவது சொல்வானா? வந்து போன் ரிப்பேர் கடை போட்டார், கை சின்னச் சின்ன ஸ்குரூவில் பழகியது, யாரோ ஒரு சுபேதார் வீட்டில் ஓடாத வாட்ச் ஒன்றைக் கொடுத்தார்கள், ஓட வைத்தார், அதோடு பிடித்துக்கொண்டது. கல்யாணமான முதல் மாசம் என் கையைப் பிடித்து அதற்குச் சாவி கொடுக்கக் கற்றுக்கொடுத்தார், "எண்ணிகினே சுத்து, இறுகுற மாதிரி தெரிஞ்சா நிறுத்திடு, பலவந்தம் பண்ணாத," என்று காதோரம். எனக்கு வாட்ச்சே பிடித்துப்போய்விட்டது அன்றைக்கு. இவள் பிறந்த பிறகு அழுதால் ஒன்றை எடுத்துக் காதில் வைப்பேன், டிக்டிக் என்றதும் கண்ணை உருட்டி அப்படியே நிற்பாள். நானேதான் வைத்தேன். நானேதான் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் வார் இடுக்கில் இருக்கிற அழுக்கைத் தட்டித் தட்டி எடுத்தேன், சில சமயம் கண்ணாடி விரிசல் விட்டதையும், ஊதி ஊதி. ஊதினால் தூள் எங்கே போகும், என் மூக்குக்குத்தான் வரும். இவளுக்குப் பால் கொடுத்துக்கொண்டே செய்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் மேரி டீச்சர் விஞ்ஞானம் எடுத்தார், ரேடியம் என்றால் ஏதோ கட்டத்தில் ஒரு பெயர், மனப்பாடம் செய்தேன், பரீட்சையில் எழுதினேன், அது என் வீட்டு அலமாரியில் வந்து உட்காரும் என்று யார் கண்டது? ரேடியம் ஸ்டிக்கர் என்று சைக்கிளில் ஒட்டுவோமே, அதுமாதிரி என்றுதான் நினைத்தேன், அது வேறாம், அதில் ரேடியமே கிடையாதாம், சார் சொன்னார். நான் மக்குத்தான், பத்தாவதோடு நின்றவள்தான். தெரிந்தவர் சொல்லியிருந்தால் மக்குக்கும் புரியும்.

சரி, கோபத்தை அப்புறம் படலாம், முதலில் கண்ணாடி. சார் கேட்டது அதைத்தான், கண்ணாடி இருந்ததா, இல்லையா. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். புனேயிலிருந்து வந்த வாட்ச். இவர் தரையில் செய்தித்தாளை விரித்து, கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடி என்றால் அது நிஜக் கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக், கீறல் விழுந்து மங்கிப்போயிருந்தது, அதைக் கழற்றி டூத்பேஸ்ட் வைத்துத் தேய்த்தார், தேய்த்தால் கீறல் போய்ப் பளிச்சென்று ஆகும், இவர்கள் எல்லாரும் செய்கிற வேலை இது. நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். "ரேகா, ஓடியா, ஓடியா, உன் பொண்ணப் பாரு!" என்று கூப்பிட்டார், ஓடினேன், இவள் தவழ்ந்து வந்து வாட்ச்சை இரண்டு கையாலும் பிடித்து அந்த இரண்டு பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள், இவர் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார், நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்தேன்! குழுவில் போட்டதும் அடுத்த கலெக்டரம்மா ரெடி என்று ஒருத்தர், பாப்பாவுக்கு டேஸ்ட் இருக்கிறது என்று ஒருத்தர், அத்தனையையும் இவர் எனக்கு வாசித்துக் காட்டினார். நூற்றுச் சொச்சம் ஆம்பளைகள், எல்லாரும் வாட்ச்சைப் பற்றி வண்டி வண்டியாகத் தெரிந்தவர்கள், எந்த வருஷத்தில் எந்தத் தொழிற்சாலையில் எந்த முள் போட்டார்கள் என்று சொல்வார்கள், ஒருத்தனுக்காவது அந்தப் பிள்ளையின் வாய் கண்ணில் பட்டதா? சரி. கண்ணாடி. இவள் கையிலிருந்து வாட்ச்சைப் பிடுங்கும்போது அவள் விரலை முத்தமிட்டேன், டூத்பேஸ்ட் வாசனை வந்தது, கிராம்பு வாசனை, நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்படியானால் தேய்த்த கண்ணாடியை மாட்டிய பிறகுதானே இவள் பிடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் விரலில் வாசனை எப்படி வரும்? வந்தது. மாட்டிவிட்டார். அப்பாடா. ஆனால் இவர் விரலில் பேஸ்ட் இருந்திருக்குமே, அந்த விரலோடு வாட்ச்சைத் தொட்டிருப்பாரே, அந்த வாசனை ஒட்டியிருக்கலாமே. செய்தித்தாளிலும் ஒரு சொட்டு இருந்தது, இவள் அதில் கை வைத்திருக்கலாம். நான் வாட்ச்சை வாங்கி எங்கே வைத்தேன்? ஜன்னல் திட்டில். வைக்கும்போது வெளிச்சம் பட்டுக் கண் கூசியதா? கூசியது போலத்தான். கூசியது வாட்ச்சின் இரும்பு விளிம்பாகவும் இருக்கலாம். அப்புறம் செய்தித்தாளை நாலாக மடித்துக் குப்பையில் உதறினேன், உதறும்போது பழுப்பாகப் பொடி இருந்ததா? இருந்தது. வெங்காயத் தோலும் இருந்தது. அது எது, இது எது? உதறிய கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு இவளுக்குப் பருப்புச் சாதம் பிசைந்தேன்.

குழுவில் வந்த படம் மங்கலாக இருக்கிறது, பெரிதாக்கினால் கலைந்துபோகிறது, இவர் போனில் முதலில் எடுத்தது தெளிவாக இருக்கும், அதைப் பெருசு பண்ணிப் பாருங்கள், கண்ணாடி இல்லாவிட்டால் வேலூருக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள், பதற வேண்டாம், விடவும் வேண்டாம் என்றார் சார். கடைக்கு நாலு தடவை போட்டேன், ஐந்தாவது தடவை எடுத்தார், எதிரே ஆள் பேசுகிற சத்தம் கேட்டது. பதினொன்றரைக்குச் சுகாதார நிலையத்துக்கு வந்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன். போனிலேயே கேட்டிருந்தால் "அதெல்லாம் மாட்டிட்டுத்தாம்மே குடுத்தேன்" என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார், நானும் நம்பியிருப்பேன், நம்பத்தானே ஆசையாக இருக்கிறது. சாரிடம் இரண்டு வருஷத்துக்கு முன்னால் இவர் சொன்ன பதிலையும் சார் சொன்னார், "ஏங்கிட்ட இருக்கிறதெல்லாம் செத்த டயல் சார், இருட்டுல துளிகூட ஒளி வரல." இவர் எப்போதும் போர்வைக்குள் தலையை விட்டு வாட்ச்சைப் பார்ப்பார், மின்னினால் ஒரு சந்தோஷம், மின்னாவிட்டால் செத்த டயல் என்று எழுதி வைப்பார். ஒளி கொடுக்கிற மருந்துதான் அறுபது எழுபது வருஷத்தில் செத்துப்போகுமாம், ரேடியம் அப்படியே இருக்குமாம், ஆயிரத்து அறுநூறு வருஷம் போனாலும் பாதிதான் குறையுமாம். மின்னாததால் ஒன்றுமில்லை என்று நினைத்திருக்கிறார். இவ்வளவு தெரிந்த மனுஷர் இவ்வளவு பெரிய தப்பை இவ்வளவு தைரியமாக நினைத்திருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேன், மின்னாவிட்டால் போய்விட்டது என்று யார் சொன்னார்கள் என்று, அடுப்பில் தணல் அணைந்த பிறகும் கையை வைத்தால் சுடுகிறதே என்று, எனக்கு அவ்வளவுதான் தெரியும், ஆனால் அவ்வளவு தெரியும். கேட்டிருக்க வேண்டுமே என்னை. வீட்டில் என்ன இருக்கிறது என்று வீட்டில் இருக்கிறவளுக்குத் தெரிய வேண்டாமா?

வண்டிச் சத்தம். இவர்தான். ஹெல்மெட்டைக் கழற்றும்போதே சிரித்துக்கொண்டு, "இன்னா குட்டி, ஊசி போட்டுகினியா, அழுதியா, நர்ஸ திட்னியா?" என்று ஆதிரையின் காலைப் பிடித்து ஆட்டுகிறார், அவளும் அழுத கண்ணோடு சிரிக்கிறாள், துரோகி. "ஏங்க, போனைக் குடுங்க, ஞாயித்துக்கெழம எடுத்த போட்டோவக் காட்டுங்க," என்றேன். "எது, வாட்ச் கடிச்சாளே அதுவா? இன்னாத்துக்கு இப்போ?" "காட்டுங்க." என் குரலில் என்ன இருந்ததோ, சபீனா நனைத்த பிஸ்கட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரும்பினாள். இவர் போனை எடுத்துத் தள்ளித் தள்ளி அந்தப் படத்துக்கு வந்தார். நல்ல படம். ஜன்னல் வெளிச்சம் பிள்ளை முகத்தில் விழுந்து, கண் இரண்டும் கருகருவென்று, எச்சில் நூல்கூடத் தெரிகிறது. இவர் விரல் இரண்டும் தானாகப் பிரிந்தன, பழக்கம், எந்தப் படத்தைப் பார்த்தாலும் அப்படித்தான், கண்ணைத் தாண்டி, கன்னத்தைத் தாண்டி, உதட்டைத் தாண்டி நேராக டயலுக்குப் போய் நின்றன. டயல் முழுசாக விரிந்தது. மேலே கண்ணாடியின் பளபளப்பு ஒன்றும் இல்லை, முள்ளின் நிழல் டயலில் நேராக விழுந்திருந்தது. நான் வாயைத் திறக்கும் முன்னால் இவர் "ஐயையோ" என்றார், வாட்ச் கீழே விழுந்தால் போடுவாரே அதே ஐயையோ, "ஏழு போச்சே! ஏழக் காணமே ரேகா! புனேலருந்து அனுப்சப்ப பன்னெண்டு நம்பரும் முழுசா இருந்திச்சே, ஒரு நம்பர்கூட கொட்டாம, இதுக்குத்தான நான் அவ்ளோ அலைஞ்சேன், ஏழு எங்க போச்சு?" கேட்டுவிட்டு அந்த இடத்தை இன்னும் பெரிசாக்கினார். ஏழு இருந்த இடத்தில் பழுப்பாக ஒரு கறை, அதைச் சுற்றி ஈரம், ஈரத்துக்குப் பக்கத்தில் அரிசி மாதிரி ஒரு பல். இவர் விரல் அப்படியே நின்றது. ரங்கராஜுலு சார் போன் பண்ணினார் என்று மட்டும் சொன்னேன். இவர் முகம் போனிலிருந்து மெதுவாக எழுந்து ஆதிரையின் வாய்க்கு வந்தது, காலையிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருக்கிற அதே இடத்துக்கு.

எத்தனையோ வைத்திருந்தேன் இவரிடம் கேட்க. கொடியை அவிழ்த்தது, புகை, இரண்டு வருஷம், எல்லாம் வரிசையாக நாக்கு நுனியில் நின்றது. அதற்கெல்லாம் இப்போது நேரமில்லை. பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எழுந்து, வராந்தாவிலிருந்தே, ஊருக்குக் கேட்டால் கேட்கட்டும் என்று, "நர்ஸம்மா, கொஞ்சம் வாங்க, எம் பொண்ணு ஞாயித்துக்கெழம பழைய வாட்ச்ல பூசியிருந்த ரேடியம் தூள முழுங்கியிருக்கா, வேலூருக்கு எழுதிக் குடுங்க," என்றேன். நர்ஸம்மா கையில் பஞ்சோடு வாசலுக்கு வந்தார், என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், "எவ்ளோம்மா முழுங்கியிருப்பா?" என்றார். எனக்குத் தெரியாது. நான் திரும்பி இவரைப் பார்த்தேன். மார்பு அளக்கக் கூப்பிட்டவன் மாதிரி இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு நின்றிருந்தார். "ஒரு ஏழும்மா," என்றார், சுண்டு விரல் நகத்தை நீட்டிக் காட்டினார், "ஒரு ஏழு எழுதற அளவு."